வீட்டுப் பிரிண்டரில் எடுக்கும் புகைப்படம், கணினித் திரையில் பார்த்ததுபோல் வர என்ன செய்ய வேண்டும்?

திரையில் பளிச்சென்று தெரியும் படம் தாளில் இருண்டு வருகிறது, நிறமும் மாறுகிறது, பிரிண்டரையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை ஆல்பம் போடலாம் என்று ஆறு மை டேங்க் பிரிண்டரில் நானே அச்சிட்டேன். ஒரு பாக்கெட் தாள் தீர்ந்தது. அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காலையில நடந்த விசேஷம், பொழுது சாஞ்சப்புறம் எடுத்த மாதிரி இருக்கேடா" என்றார். சரிகை முழுக்கப் பழுப்பாகியிருந்தது. பிரிண்டரில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் அதன் அமைப்புகளோடு மல்லுக்கட்டினேன். கோளாறு என் திரையில் இருந்தது.

திரை தானே ஒளி வீசுகிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. கடையிலிருந்து வரும் மானிட்டர் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு), அதற்கும் மேல் என்ற பிரகாசத்தில் இருக்கும். அச்சுக்காகப் படம் திருத்துகிறவர்கள் 80 முதல் 120 வரைதான் வைப்பார்கள். கடையிலிருந்து வந்த அதே வெளிச்சத்தில் உட்கார்ந்து திருத்தும்போது படம் தேவையான அளவு வெளிச்சமாக இருப்பதாக நம் கண் நம்பிவிடுகிறது. கோப்போ உள்ளபடி இருட்டுதான். பிரிண்டர் அந்த இருட்டை நேர்மையாக அச்சிட்டுத் தருகிறது.

இதற்குக் கருவி இல்லாமலே ஒரு வழி உண்டு. எந்த இடத்தில் அச்சைப் பார்ப்பீர்களோ அந்த வெளிச்சத்தில், அச்சிடாத வெள்ளைப் புகைப்படத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். இரண்டு வெண்மையும் ஒத்துப்போகும்வரை பிரகாசத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். என் மானிட்டர் 100-லிருந்து 28-க்கு இறங்கியது. முதல் நாள் இருட்டறையில் வேலை செய்வதுபோல இருந்தது, இரண்டு நாளில் கண் பழகிவிட்டது. விண்டோஸில் 'நைட் லைட்' ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். மஞ்சள் பூத்த திரையைப் பார்த்துத் திருத்தினால், அதை ஈடுகட்டப்போய்ப் படத்தை நீலமாக்கிவிடுவீர்கள். தலையை அசைத்தாலே வெளிச்சம் மாறும் மலிவு லேப்டாப் திரையாக இருந்தால், திருத்துவதற்காவது, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை மானிட்டர் ஒன்றை இணைத்துக்கொள்வது நல்லது. வசதி இருந்தால் ஸ்பைடர், கலர்செக்கர் டிஸ்ப்ளே போன்ற, திரையின் நிறத்தை அளவிடும் கருவி வாங்கலாம், நண்பரிடம் இரவலும் கேட்கலாம். அதில் வெண்மையின் சாயலுக்கு 6500 கெல்வின், இடைப்பட்ட ஒளியளவுகளைத் தீர்மானிக்கும் காமாவுக்கு 2.2 என்று வைத்தால் போதும்.

குற்றம் திரையிலா பிரிண்டரிலா என்று பிரித்துப் பார்க்க, சோதனைக்கென்றே உருவாக்கிய படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. சில முகங்கள், சாம்பல் பட்டைகள், பழங்கள், வண்ணக் கட்டங்கள் எல்லாம் ஒரே படத்தில் இருக்கும். எந்தத் திருத்தமும் செய்யாமல் அதை அப்படியே அச்சிடுங்கள். தாளில் நன்றாக வந்தால் பிரிண்டர்மேல் பழியில்லை. சாம்பல் நிறமே சிவந்தோ பச்சையாகவோ வந்தால் பிரிண்டர் பக்கம் திரும்புங்கள். அங்கே முதல் வேலை நாசில் செக், அதாவது மை வரும் நுண்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பிரிண்டரிலேயே அச்சிட்டுப் பார்க்கும் சோதனை. வெளிர் மெஜந்தா அடைத்துக்கொண்டால் முகங்களில் பச்சை ஏறும்.

அடைப்பு இல்லாமலே படம் முழுக்கச் சிவந்து வருகிறதென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இரட்டைத் திருத்தத்தை. ஃபோட்டோஷாப் ஒருமுறை நிறத்தை மாற்றி அனுப்ப, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் மறுபடி மாற்றும். இரண்டு பேர் உப்புப் போட்ட குழம்புதான். யாராவது ஒருவர் போடட்டும். 'ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' என்று வைத்து, உங்கள் தாளுக்குரிய ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பை) தேர்ந்தெடுத்தால், டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்தே ஆக வேண்டும். எப்சனில் அது 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்றும் கேனானில் 'நன்' என்றும் இருக்கும். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் சேமித்து, எல்லாவற்றையும் டிரைவரிடமே விட்டுவிடுங்கள். வீட்டு ஆல்பத்துக்கு அது தாராளம்.

தாள் விஷயத்தில் கவனமாக இருங்கள். பளபளப்பான தாளை வைத்துவிட்டு டிரைவரில் 'பிளெய்ன் பேப்பர்' என்று விட்டால் மையின் அளவே மாறி, படம் வெளிறிப்போகும். மையும் அப்படியே. நிறுவனம் தரும் புரொஃபைல் அவர்களுடைய மைக்கும் தாளுக்கும் அளந்து எழுதியது. வேறு மை ஊற்றியபின் அந்தக் கணக்கு செல்லாது. விலை குறைந்த மையை நான் குறை சொல்லவில்லை. எதை வாங்கினாலும் ஒரே மை, ஒரே தாள் என்று நிலைத்து நில்லுங்கள். மாற்றிக்கொண்டே இருந்தால் எதைத் திருத்தினோம் என்றே தெரியாமல் போகும்.

இவ்வளவும் செய்தபிறகும் சில நிறங்கள் தாளுக்கு வராது. அத்தையின் மயில்கழுத்துப் பட்டில் திரை காட்டிய அந்தத் துலக்கம் எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. மையால் எட்ட முடியாத நிறம் அது. நல்ல பளபளப்புத் தாளிலேயே வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 200-க்கு 1தான், பளபளப்பில்லாத மேட் தாளில் 40-க்கு 1 அளவுக்கு இறங்கிவிடும். சாதாரண ஐபிஎஸ் திரையிலோ 1000-க்கு 1. அதனால் அச்சிடும் முன்பே 'சாஃப்ட் புரூஃப்' போட்டு, தாளில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே பாருங்கள். ஃபோட்டோஷாப், லைட்ரூம் கிளாசிக், இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. அதில் பட்டு மங்கித் தெரிந்தால் தாளிலும் மங்கும். அப்போது நிறச் செறிவை ஏற்றாதீர்கள், மடிப்பு நிழல்கள் அப்பிப்போகும். கொஞ்சம் வெளிச்சம் ஏற்றுவதோடு நிறுத்துங்கள்.

அச்சு வெளியே வந்த கையோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஈரம் காய்ந்து நிறம் நிலைக்கட்டும். நான் மறுநாள் காலையில் ஜன்னலோரம் வைத்துத்தான் பார்க்கிறேன், ஏனென்றால் எங்கள் கூடத்து டியூப்லைட்டில் தோலின் நிறம் வேறாகத் தெரிகிறது.

முழுத் தாளை வீணாக்காதீர்கள். படத்தில் முகம் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, நான்கு விதமான வெளிச்சத்தில் ஒரே 4x6 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். அப்பா மாலையோடு நிற்கும் படத்துக்கு அப்படி இரண்டு தாள் செலவானது. இரண்டாவது தாளில் மூன்றாவது கட்டத்தை அம்மாதான் தேர்ந்தெடுத்தார். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அதுதான்.