வசந்தத்தில் நாளுக்கொரு வானிலை. குளிர்ப்பகுதிக் கிராமத்தில் தக்காளி நாற்றை எப்போது வெளியே நடலாம்?

"ரெண்டு வாரமா நல்ல வெயில், அக்கம்பக்கத்தில் எல்லாரும் நட ஆரம்பிச்சுட்டாங்க, நானும் நடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரிகிறது. ஜன்னலோரத் தொட்டிகளில் நாற்று நெட்டையாகப் போய் வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்து நிற்கும். வீட்டில் ஒரு ஆள், "இதை எப்பத்தான் இங்கிருந்து எடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். உங்களுக்குக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஒரே ராத்திரியில் 38 தக்காளி நாற்று போச்சு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விவசாயம் படித்தவன் இல்லை. குளிர் சீக்கிரம் போகாத ஒரு கிராமத்தில், சரிவான ஒரு கொல்லையோடு ஒன்பது வருடமாக மல்லுக்கட்டுகிறவன், அவ்வளவுதான். "பசுமைக்குடில் போட்டா தீர்ந்தது, இதுக்கு இவ்வளவு பெரிய பதிலா?" என்று யாராவது கேட்பீர்கள். போட முடிந்தவர்கள் போடுங்கள். இது போட முடியாதவர்களுக்கு.

எங்கள் கொல்லை வீட்டுச் சுவரிலிருந்து கீழ்நோக்கிச் சரியும். கீழ்க்கோடியில் மண் நல்ல மண், ஆனால் காற்று சுழற்றி அடிக்கும். அதனால் அங்கே ஒரு வேலி கட்டினேன். பலகையோடு பலகை ஒட்டி, ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல், ஆளுயரத்துக்கு. இரண்டு வார இறுதி முழுக்க அந்த வேலைதான். பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். என் மச்சினன் மட்டும், "என்ன மாமா, கோட்டை கட்டுறீங்களா?" என்று சிரித்தான். அந்த வேலிக்கு முன்னால்தான், காற்றுக்கு மறைவாக இருக்கிறதே என்று, 38 நாற்றையும் நட்டேன். இடம் போதாமல் மிஞ்சிய 10 நாற்றை வேறு வழியில்லாமல் மேலே வீட்டுச் சுவரோரம் வைத்தேன்.

நட்ட நாலாம் நாள் இரவு போனில் பார்த்தேன். குறைந்தபட்சம் 3 டிகிரி, மேகம் இல்லை, காற்று இல்லை. உறைவதற்கு 0 ஆக வேண்டும், மூன்று டிகிரி கையிருப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். வெளியே வந்தால் வானம் நிறைய நட்சத்திரம். அழகாக இருக்கிறதே என்று நின்று பார்த்துவிட்டு வேறு போய்ப் படுத்தேன்.

காலையில் ஆறு மணிக்குப் பார்த்தபோது செடிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. அதுதான் கொடுமை. இலை விறைப்பாக, ஓரமெல்லாம் பொடி உப்பு தூவினது மாதிரி. தப்பித்துவிட்டது என்று நினைத்தேன். எட்டு மணிக்கு வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகத் தலை தொங்கியது. இலை கரும்பச்சையாகி, வேகவைத்த கீரை மாதிரி தண்டில் ஒட்டிக்கொண்டது. தொட்டால் விரலில் ஈரம். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, செல் கிழிந்து, உருகும்போது வெளியே கசிகிற ஈரம் அது. மத்தியானத்துக்குள் எல்லாம் கறுப்பு.

மேலே சுவரோரம் இருந்த பத்தும் ஒரு இலைகூட வாடாமல் நின்றன. நடுவில் தூரம் இருபது அடி எடுத்து வைத்தால் போதும்.

இது எனக்கு விளங்கவே ஒரு வாரம் ஆனது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் தண்ணீர் மாதிரியே மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். முன்பு அது கீழ்க்கோடியைத் தாண்டி ஓடிப் போயிருக்கும். நான் குறுக்கே நந்தி மாதிரி வேலியை நிறுத்திவிட்டேன். காற்றைத் தடுப்பதாக நினைத்துக் குளிருக்கு அணை கட்டி, அந்தக் குளத்துக்குள்ளேயே தக்காளியை நட்டிருக்கிறேன்.

இன்னொன்று, போன் சொல்கிற 3 டிகிரி நம் செடியின் 3 டிகிரி இல்லை. வானிலை நிலையங்களில் வெப்பமானி ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில், நிழல்கூண்டுக்குள் இருக்கும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலே உள்ள சூடும் கீழே உள்ள குளிரும் கலந்துவிடும். இரண்டும் இல்லாத அமைதியான இரவில் தரையோரம் சில டிகிரி கூடுதலாகவே இறங்கும். நான் ரசித்துப் பார்த்த நட்சத்திரம்தான் எச்சரிக்கை.

பிறகு இரண்டு சாதாரண தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றை மேலே நெஞ்சு உயரத்திலும் மற்றதைக் கீழ்ப் பாத்தியில் மண்ணுக்கு ஒரு சாண் மேலேயும் கட்டினேன். 11 இரவு குறித்துவைத்தேன். மேகமூட்டமான இரவில் இரண்டுக்கும் அரை டிகிரிகூட வித்தியாசம் இல்லை. ஒரு தெளிந்த இரவில் மேலே 3, கீழே மைனஸ் 1.

வேலியின் கீழ்ப் பலகை இரண்டு வரிசையைக் கழற்றிக் குளிருக்கு வடிகால் விட முடிவு செய்தேன். அதற்கு டிரில்லிங் மெஷின் வேண்டும். என் மெஷின் மச்சினன் வீட்டில். "ஒரு நாள் வேலை மாமா" என்று வாங்கிப் போனவன், அப்போதே எட்டு மாதம். கேட்டால், "அக்காகிட்ட குடுத்தனே" என்றான். இவள் "எங்கிட்ட எப்போ குடுத்தான்?" என்றாள். அக்கா தம்பி பேச்சுக்கு நடுவில் நான் போகலாமா? திருப்புளியை வைத்து 56 திருகாணியைக் கையாலேயே கழற்றினேன், உள்ளங்கையில் கொப்புளம். பொருளைக் கடன் வாங்குகிறவர்கள் ஏன் தேதி சொல்லி வாங்குவதில்லை என்று தனியாக ஒரு கேள்வி போடலாம் என்றிருக்கிறேன். சரி, அது இருக்கட்டும்.

காற்றுத்தடுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரித்துவிடாதீர்கள். சரிவின் அடியில் சந்து இல்லாமல் அடைக்காதீர்கள் என்கிறேன். கழற்றிய பிறகும் கீழ்ப் பாத்தி மேலே இருப்பதைவிடக் குளிர்தான், முன்போல மோசம் இல்லை. இப்போது அங்கே பட்டாணி, பசலைக்கீரை (கொடிப்பசலை இல்லை, ஸ்பினாச்), முள்ளங்கி, வெங்காயம். லேசான உறைபனியை இவை பொருட்படுத்தாது. தக்காளி, மிளகாய், வெள்ளரி, பீன்ஸ் எல்லாம் சுவரோரம். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும்.

எப்போது நடுவது என்றால், அட்டவணைகளில் "கடைசி உறைபனி நாள்" என்று ஒரு தேதி இருக்கும். பெரும்பாலும் அது சராசரி. அப்படியென்றால் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் ஒரு வருடம் அதற்குப் பிறகும் உறைபனி உண்டு. நான் அதற்கு மேல் இரண்டு வாரம் கூட்டிக்கொள்கிறேன். காலையில் விரல் ஆழத்துக்கு மண்ணில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்ப்பேன். தக்காளிக்கு 15 டிகிரியாவது வேண்டும். இரவு தொடர்ந்து 10க்குக் கீழே போனால், சாகாவிட்டாலும் வளராமல் முறைத்துக்கொண்டு நிற்கும். அவசரப்பட்டு நட்டதைவிட, மூன்று வாரம் கழித்து நட்டது முந்திக் காய்த்ததை நானே பார்த்திருக்கிறேன். ஜன்னலோர நாற்றை நேராகக் கொண்டுபோய் நடவும் கூடாது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்கள்.

நட்ட பிறகு குளிர் வந்தால் பழைய பெட்ஷீட் போதும். ஆனால் பொழுது சாய்வதற்கு முன்பே மூடுங்கள். சூடு செடியிலிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. அதனால் தண்டைச் சுற்றிக் கட்டாமல், குச்சி ஊன்றிக் கூடாரம் போல விரித்து, ஓரத்தில் கல் வையுங்கள். பிளாஸ்டிக் என்றால் இலையில் படக்கூடாது, பட்ட இடம் கருகும். மண் காய்ந்திருந்தால் பிற்பகலிலேயே தண்ணீர் விடுங்கள், ஈரமண் அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும். மண்மேல் வைக்கோல் மூடாக்கு பரப்பியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள், அது மண்ணின் சூட்டை மேலே வரவிடாது. காலையில் வெயில் ஏறியதும் பெட்ஷீட்டை எடுத்துவிட வேண்டும். நான் ஒரு நாள் மறந்து, குளிரில் பிழைத்ததை வெயிலில் வேகவைத்தேன்.

ஆப்பிள் மரம் இருந்தால் ஒன்று. முழுசாகப் பூத்திருக்கும்போது மைனஸ் 2 ஆனாலே சேதம் தொடங்கும். மறுநாள் ஒரு பூவைப் பிளந்து பாருங்கள், நடுவில் கறுத்திருந்தால் அந்தப் பூ காய்க்காது. உருளைக்கிழங்குத் துளிர் கருகினால் பிடுங்கிவிடாதீர்கள், அடியிலிருந்து மறுபடி வரும். தக்காளிக்கு அந்த ராசி குறைவு.

நாளைக் காலை வெயில் வருவதற்கு முன் கொல்லையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். புல்லில் எந்த மூலையில் வெள்ளை அதிகமாகப் படிந்து, எங்கே கடைசியாக உருகுகிறது என்று பார்த்து அங்கே ஒரு குச்சி ஊன்றுங்கள். அந்தக் குச்சிப் பக்கம் தக்காளியைக் கொண்டுபோகாதீர்கள்.