3 எச்பி மோட்டார் போட்டால் 40 அடியிலிருந்து தண்ணீர் ஏறுமா?

கேள்வி: கிணற்று மேட்டில் 1 எச்பி மோனோபிளாக் மோட்டார் வைத்திருக்கிறேன். கோடையில் தண்ணீர் 40 அடிக்குக் கீழே போய்விட்டது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. 3 எச்பி போட்டால் இழுக்குமா?

இழுக்காது. 30 எச்பி போட்டாலும் அதே கதைதான், பணத்தை வீணாக்காதீர்கள்.

மோட்டார் ஓடும்போது, கிணற்றிலிருந்து அதற்கு வரும் சக்‌ஷன் பைப்புக்குள் அழுத்தம் குறைகிறது, அந்தப் பக்கத்தில் அதனால் ஆகிற வேலை அவ்வளவுதான். தண்ணீரை மேலே ஏற்றுவது வெளிக்காற்று. கிணற்றுத் தண்ணீரின் மேல் அது சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ வீதம் எந்நேரமும் அமுக்கிக்கொண்டே இருக்கிறது, பைப்புக்குள் எதிர் அழுத்தம் குறைந்ததும் தண்ணீரை அதற்குள் தள்ளிவிடுகிறது. வெற்றிடத்துக்கென்று தனியாக இழுக்கிற பலம் எதுவும் கிடையாது. பைப்பில் காற்றே இல்லாமல் செய்துவிட்டாலும் அழுத்தம் பூஜ்யத்துக்கு வரும், அதற்குக் கீழே இறங்காது. வெளிக்காற்றால் தாங்க முடிந்த தண்ணீரின் உயரம் 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி.

இத்தாலியில் பம்ப் செய்தவர்கள் 400 வருடம் முன்பே இதில் முட்டிக்கொண்டு நின்றார்கள், கலிலியோவும் 1638-இல் எழுதி வைத்தார், ஆனால் காரணத்தை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. அவருக்குப் பின் டாரிசெல்லி என்ற இத்தாலிய விஞ்ஞானி தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை எடுத்துக்கொண்டார். அது 76 செ.மீ. உயரத்தில் நின்றது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம், பெருக்கிப் பாருங்கள், அதே 10.3 மீட்டர் வரும்.

34 அடியும் கணக்குக்குத்தான். பைப்பின் உராய்வு, பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடித்துவைக்கும் ஃபுட் வால்வின் தடை, அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீரே ஆவியாக மாறிக் குமிழி கட்டுவது எல்லாம் போக 22 முதல் 25 அடிதான் நம்பலாம். ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடுவதால் அங்கே இதைவிடவும் கம்மி.

சரி, என்ன செய்யலாம்? ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் வாங்கித் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிடுங்கள், என் யோசனை அதுதான். தண்ணீர் தானாகவே பம்ப்புக்குள் வந்துவிடும், அப்புறம் மேலே தள்ளுவது மட்டும்தான் வேலை, தள்ளுவதற்கு 34 அடிக் கணக்கு கிடையாது, எச்பி உதவுவது அங்கேதான். இருக்கிற மோட்டாரையே கிணற்றுக்குள் மேடை கட்டி 20 அடி கீழே வைத்தாலும் ஓடும், ஆனால் மழையில் தண்ணீர் ஏறும் முன் தூக்கிவிட வேண்டும், மறந்தால் காயில் போய்விடும்.

ஒன்று, தண்ணீர் 20 அடியில் இருந்தபோதே சரியாக ஏறவில்லை என்றால் பிரச்சினை ஆழத்தில் இல்லை, சக்‌ஷன் பக்கம் எங்கோ காற்று புகுகிறது. ஓடும்போது அங்கே வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. மோட்டாரை நிறுத்திவிட்டு பைப்பில் தண்ணீர் ரொப்பி வையுங்கள், எந்த ஜாயின்ட் கசிகிறதோ ஓட்டை அங்கே இருக்கிறது. எங்கும் கசியாமல் தண்ணீர் மட்டும் இறங்கினால் ஃபுட் வால்வை மாற்றுங்கள்.