"ஆங்ரி ஆன் மீ" எங்கே தப்பாகிறது? அட்ஜெக்டிவும் பிரிப்போசிஷனும்: கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவர்: சார், "ஹி இஸ் ஆங்ரி ஆன் மீ" என்று எழுதினேன். டீச்சர் "ஆன்"-ஐச் சுழித்துவிட்டார். "என் மேல் கோபம்" என்றால் "ஆன்" தானே வரணும்?

மேசை மேல் புத்தகம் இருந்தால் "ஆன்" சரி. கோபத்துக்கு அது ஒத்துவராது. தமிழில் கோபம், பொறாமை, ஆசை, பாசம் எல்லாவற்றுக்கும் "மேல்" ஒன்றை வைத்தே ஓட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு அட்ஜெக்டிவுக்கும், அதாவது தன்மையைச் சொல்லும் சொல்லுக்கும், ஜோடியாக "ஆன்", "வித்" போன்ற ஒரு பிரிப்போசிஷன் உண்டு. ஆள் மேல் கோபம் என்றால் "ஆங்ரி வித்". "ஆங்ரி அட்" என்றும் சொல்வார்கள், தப்பில்லை. நடந்த விஷயத்தைப் பற்றிய கோபம் "ஆங்ரி அபவுட்". பொறாமை "ஜெலஸ் ஆஃப்", ஆர்வம் "இன்ட்ரஸ்டட் இன்". தமிழ் உருபைப் பார்த்து ஊகிக்காதீர்கள் தம்பி, முன்னால் நிற்கும் அட்ஜெக்டிவைப் பாருங்கள்.

இல்லத்தரசி ஒருவர்: "ஐ யாம் அஃப்ரெய்ட் ஃபார் ஸ்நேக்ஸ்" என்றேன், மகள் சிரிக்கிறாள். ஏன்?

"பாம்புக்குப் பயம்" என்பதில் உள்ள "கு"வை அப்படியே "ஃபார்" ஆக்கிவிட்டீர்கள். நீங்கள் சொன்னதற்கு அர்த்தம், "ஐயோ, அந்தப் பாம்புகளுக்கு என்ன ஆகுமோ!" என்பது. எதைக் கண்டு பயமோ அதற்கு "ஆஃப்". யாருக்கு ஆபத்து வருமோ என்று பதறுகிறோமோ அவருக்கு "ஃபார்". மகள் ராத்திரி பத்து மணிக்கும் வீடு திரும்பவில்லை என்றால் "ஐ யாம் அஃப்ரெய்ட் ஃபார் ஹர்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்: "சீனியர் தேன் மீ" ஏன் தவறு? "ஓல்டர் தேன் மீ" சரிதானே?

தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதிக்கு இது ரொம்பப் பிடித்த கேள்வி. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீனிலிருந்து வந்தவை. அங்கேயே அவை ஒப்பீட்டு வடிவங்கள். சீனியர் என்றாலே "அதிக வயதான". அதனால் "மோர்" சேர்க்கக் கூடாது, "தேன்" வராது, "டு" மட்டும். "ஷி இஸ் சீனியர் டு மீ பை டூ இயர்ஸ்." "பிரிஃபரபிள்" வந்தாலும் "டு" தான்.

புதுமணப்பெண்: "மேரீட் வித்" தவறா?

கணவரைச் சொல்லும்போது தவறு, "மேரீட் டு". ஆனால் "ஹி இஸ் மேரீட் வித் டூ சில்ட்ரன்" சரியான ஆங்கிலம். கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பொருள். பயப்பட வேண்டாம்.

ஒரு தந்தை: "குட் இன் மேத்ஸ்", "குட் அட் மேத்ஸ்". எது?

"குட் அட்". பாடத்தில் பின்தங்கியவரை மட்டும் "வீக் இன் மேத்ஸ்" என்பது வழக்கம். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் "குட்" என்பதன் வேடிக்கையே வேறு. "குட் அட்" திறமை, "குட் ஃபார்" உடம்புக்கோ வாழ்க்கைக்கோ நல்லது. "குட் டு மீ" என்றால் என்னிடம் அன்பாக நடந்துகொள்கிறார். "குட் வித்" என்றால் பக்குவமாகக் கையாளத் தெரிந்தவர். ஊசி போட்டும் குழந்தை அழாமல் சிரித்துக்கொண்டே வெளியே வந்தால், அந்த டாக்டர் "குட் வித் சில்ட்ரன்". அதே இடத்தில் "குட் டு சில்ட்ரன்" என்றால் அன்பானவர், அவ்வளவுதான். சாமர்த்தியம் அதில் வராது.

ஐடி ஊழியர்: "டிஃபரன்ட் ஃப்ரம்", "டிஃபரன்ட் தேன்"?

"ஃப்ரம்" எங்கும் செல்லும். "தேன்" அமெரிக்கர்களிடம் அதிகம், "டு" பிரிட்டிஷ் பேச்சில் கேட்கலாம். இந்த ஒன்றில் தமிழே கைகொடுக்கும்: "அதிலிருந்து வேறுபட்டது".

அதே ஊழியர்: "ஐ யாம் யூஸ்ட் டு வொர்க் லேட்" சரியா?

"யூஸ்ட் டு வொர்க்கிங் லேட்". பழகிவிட்டது என்ற பொருளில் இந்த "டு" பிரிப்போசிஷன். பிரிப்போசிஷனுக்குப் பின் வினை வந்தால் "இங்" சேரும். "கேபபிள் ஆஃப் டூயிங்" அப்படித்தான். "ஏபிள் டு டூ" வேறு சங்கதி, அங்கே "டு" வினையோடு சேர்ந்தது. "யாம்" இல்லாமல் "ஐ யூஸ்ட் டு வொர்க் லேட்" என்றால் முன்பு அப்படி வேலை பார்த்தேன், இப்போது இல்லை.

போட்டித் தேர்வர்: மனப்பாடம் செய்ய ஒரு முழுப் பட்டியல் கொடுங்கள் சார்.

கொடுக்க மாட்டேன். இருநூறு ஜோடிகளை உருப்போட்டால் தேர்வு அறையில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதைவிட, மாணவர்களுக்கான ஆங்கில அகராதியில் அந்த அட்ஜெக்டிவைத் திறந்து பாருங்கள், பக்கத்திலேயே பிரிப்போசிஷன் இருக்கும். இந்த வகை அகராதிக்கு முன்னோடி ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். இரண்டு சகாக்களோடு அவர் தொகுத்தது 1942-ல் டோக்கியோவில் வெளியாகி, 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்தது. ஆங்கிலேயருக்குத் தானாக வரும் பயன்பாட்டை வெளியாருக்கு எழுதிக் காட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அகராதியில் ஜோடியைப் பார்த்ததும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதிவையுங்கள்.

வேலை தேடுபவர்: பயோடேட்டாவில் "ரெஸ்பான்சிபிள் ஃபார்" போடுவதா, "டு" போடுவதா?

செய்த வேலைக்கு "ஃபார்", பதில் சொல்ல வேண்டிய ஆளுக்கு "டு". "ரெஸ்பான்சிபிள் ஃபார் பில்லிங், ரெஸ்பான்சிபிள் டு தி பிராஞ்ச் மேனேஜர்" என்று இரண்டையும் ஒரே வரியில் போடலாம்.