எம்பிஏ இருக்கட்டும், முதலில் ஓனரிடம் கடிதம் வாங்குங்கள்

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகள் பி.காம். படித்துக்கொண்டே பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அரைநாள் வேலை பார்த்தவள். இப்போது ஓனர், "முழுநேரம் வா, புரொடக்‌ஷன் முழுக்க உன் பொறுப்பு, சம்பளம் 25,000" என்கிறாராம். கோவை மாமாவோ 12 லட்சம் கடன் வாங்கி எம்பிஏ சேர்க்கச் சொல்கிறாராம்.

கவலை நியாயம்தான் அம்மா. ஆனால் அந்தக் கடன் வேண்டவே வேண்டாம். 11 சதவீத வட்டியில் ஏழு வருடம் கட்டினால் மாதத் தவணை 20,500 ரூபாய். அதைக் கட்டப்போவது மாமா இல்லை.

உங்கள் மகளிடம் தனியாகப் பேசினேன். "கழுத்து ரிப் அடிக்கிற இடத்துல மணிக்கு 50 பீஸ்தான் வருதுன்னா, மத்தவங்க 80 தச்சாலும் லைன் 50தான் தரும். அங்க இன்னொரு மிஷின் போடச் சொன்னேன்" என்கிறாள். எம்பிஏ வகுப்பில் நடத்துவதும் இதைத்தான். அவளுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அதை மீறி நான் எதுவும் சொல்லமாட்டேன்.

கவனிக்க வேண்டியது வேறு. அரைநாள் ஆளாக இருந்தபோது அவள் கிளம்பியதும் சிக்கல்கள் ஓனர் போனுக்குப் போயின. இனி எல்லாம் அவள் தலையில்தான். சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமானால் வேறு பட்டறைக்கு மாற்றலாமா? அளவு தவறிய லாட்டை நிறுத்தலாமா? எவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம்? மூன்றுக்கும் பதில் நியமனக் கடிதத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் கூடப்போவது வேலை நேரமும் திட்டும்தான். இதுவரை அவள் பார்த்த பேக்கிங் கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்றும் கேட்கட்டும். பழைய வேலையையும் தூக்கிக்கொண்டு புதிய பொறுப்பில் உட்கார முடியாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சம்பளம் 21,000ஐத் தாண்டினால், நடப்பு அரையாண்டு முடிந்ததும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் நின்றுவிடும்; சில மாதங்களில் அதன் மருத்துவச் சலுகையும் போய்விடும். உங்கள் சர்க்கரை மருந்து அதில்தானே வருகிறது? மருத்துவக் காப்பீடு கேளுங்கள். பி.எஃப். பிடித்தமும் சம்பளச் சீட்டில் தெரிய வேண்டும்.

படிப்பு நிற்க வேண்டியதில்லை. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களில் ஆபரேஷன்ஸும் (உற்பத்தி நிர்வாகம்) உண்டு. கேட்பது இலவசம்; சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றாராம் ஓனர். வியாழனுக்குள் அவளே போய் இவற்றைக் கேட்கட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள், மாமாவையும் அனுப்பாதீர்கள்.