மீன் பண்ணைக் கழிவுநீரில் நைட்ரஜன் நீக்கம்: கேள்வி பதில்

கேள்வி: திலேப்பியா தொட்டியின் உயிர்வடிகட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அம்மோனியா ஏறுகிறது. காற்றுப் போதவில்லையா?

பதில்: முதலில் நீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கி பி.எச். சரியாமல் காக்கும் திறனை, அளந்து பாருங்கள். 30 விழுக்காடு புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால், ஏறக்குறைய 28 கிராம் அம்மோனியா நைட்ரஜன் நீரில் சேர்கிறது. அதில் ஒவ்வொரு கிராமையும் வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜனும், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மையும் செலவாகின்றன. அதாவது ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் 200 கிராம் காரத்தன்மை தீர்ந்துபோகிறது. அதை ஈடுசெய்யாவிட்டால் பி.எச். சரிந்து பாக்டீரியாக்கள் முடங்கிவிடும். ஆப்பசோடாவைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பி.எச். சட்டென்று ஏறி, தேங்கியிருக்கும் அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும்.

கேள்வி: மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) ஊற்றினாலே அம்மோனியா இறங்குகிறது. பிறகு வடிகட்டி எதற்கு?

பதில்: இறங்குவது உண்மைதான். ஆனால் மொலாசஸின் கரிமத்தை உண்ணும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரஜனைத் தம் உடலாக்கிக்கொள்கின்றன. அது நீரிலிருந்து திரளுக்கு (பாக்டீரியாக்கள் சேர்ந்த மிதக்கும் கட்டிகளுக்கு) இடம் மாறியதே தவிர, பண்ணையை விட்டுப் போகவில்லை. திரள் அடியில் தங்கி அழுகினால் அதே அம்மோனியா திரும்பி வரும்.

கேள்வி: மேற்கண்ட பதிலை ஏற்க முடியவில்லை. திரளை மீன் தின்கிறதே, அது நீக்கம் இல்லையா?

பதில்: அறுவடையோடு வெளியேறும் பங்கு நீக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன் தின்ற நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியே அம்மோனியாவாக மீண்டும் நீருக்கே வருகிறது. பண்ணைக்கு வெளியே விடும் நீரைப் பற்றிக் கவலைப்படுபவர், ஆக்சிஜன் இல்லாத தனித் தொட்டி ஒன்றை வைத்தே ஆக வேண்டும். அங்கே பாக்டீரியாக்கள் மொலாசஸையோ பண்ணைத் திரளையோ உணவாகக் கொண்டு நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடுகின்றன. இழந்த காரத்தன்மையில் பாதியும் மீள்கிறது. மொலாசஸ் உண்மையில் பயன்படும் இடம் அதுவே. அத்தொட்டியில் நைட்ரேட் முற்றிலும் தீர்ந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்த நீரை மீன் தொட்டிக்குத் திருப்பாதீர்கள். உள்ளே வரும் நீரோட்டத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: அம்மோனியா ஏறுகிறது. இன்னொரு ஏரேட்டர் வாங்கலாமா?

பதில்: காரத்தன்மை எவ்வளவு என்று எழுதாமல் இதே கேள்வி மறுபடியும் வருகிறது. அளந்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: செதில் உதிர்ந்து புண் வருகிறது.

பதில்: இது என் துறை அன்று. உயிருள்ள மீனோடு மீன் நோய் ஆய்வகத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எந்த பாக்டீரியா பாக்கெட் நல்லது?

பதில்: நோயில்லாத பழைய தொட்டியின் வடிகட்டி ஊடகத்தில் (பாக்டீரியா ஒட்டி வளரும் பொருளில்) ஒரு பிடி எடுத்துப் போடுங்கள். குளோரின் கலந்த நீரில் மட்டும் அதைக் கழுவிவிடாதீர்கள்.

கேள்வி: புதிய வடிகட்டி போட்டேன். அம்மோனியா குறைந்துவிட்டது. மீன் விடலாமா?

பதில்: அம்மோனியா நைட்ரேட்டாகும் வழியில் இடையே உருவாகும் நச்சான நைட்ரைட்டும் இறங்கும்வரை பொறுங்கள். அம்மோனியா குறைந்த பிறகே நைட்ரைட் உச்சத்துக்கு ஏறும்; இரண்டும் அடங்கப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.