ஜோடியாக கமீனோ நடக்க: கேள்வி பதில்

ஸ்பெயினில் சந்தியாகோ தெ கொம்பொஸ்தெலா நகரத்துச் சந்தியாகப்பர் பேராலயத்துக்குப் போகும் பாதயாத்திரைதான் கமீனோ. நானும் வீட்டுக்காரரும் அதன் பல வழிகளில் ஒன்றான பிரெஞ்சுப் பாதையை நடந்து முடித்தவர்கள். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்:

கேள்வி: அக்கா, எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் மூன்று வாரம்தான் லீவு. முடியுமா?

முழுப் பாதை முடியாது. பிரான்சின் சான்-ஜான்-பியே-தெ-போரிலிருந்து கிட்டத்தட்ட 780 கி.மீ.; நாளுக்கு 25 கி.மீ. நடந்தாலும் 31 நாள் பிடிக்கும். வழியில் உள்ள லியோன் நகரத்தில் தொடங்குங்கள், அங்கிருந்து 300 கி.மீ. சொச்சம்தான். யாத்திரை முடித்ததற்கான சான்றிதழுக்குக் கடைசி 100 கி.மீ. நடந்தாலே போதும் என்பதால், அந்தத் தொலைவுக்குச் சற்று முன்னால் வரும் சாரியா என்ற ஊருக்குப் பிறகு கூட்டம் அதிகமாக இருக்கும்.

கேள்வி: அவர் வேகமாக நடப்பார், நான் மெதுவாக. என்ன செய்வது?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன். முதல் நாள் பைரனீஸ் மலை ஏற்றத்தில் இவர் முன்னால் போய் நின்று காத்திருப்பார். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "சரி, போகலாமா?" என்று கிளம்பிவிடுவார். ஓய்வெல்லாம் அவருக்கு, ஏற்றமெல்லாம் எனக்கு! அன்று தங்கவேண்டிய ரொன்செஸ்வாயெஸ் போய்ச் சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவரவர் வேகத்தில் நடப்பது. அடுத்த ஊரின் முதல் காப்பிக் கடையில் சந்திப்பது. பின்னால் வருபவர் ஷூவைக் கழற்றி, காப்பி குடித்து முடித்த பிறகுதான் கிளம்புவது. சண்டை பாதியாகக் குறைந்தது.

ஆனால் பிரிந்து நடந்தால் தண்ணீர், பணம், பாஸ்போர்ட் எல்லாம் ஆளுக்குத் தனியாக இருக்க வேண்டும். ஒருநாள் என் குதிகாலில் சுண்டைக்காய் அளவு கொப்புளம். பிளாஸ்திரி முழுக்க அவர் பையில், அவரோ இரண்டு மேடு தாண்டி!

கேள்வி: யாத்திரை அட்டை இருவருக்கும் சேர்த்து ஒன்று போதுமா?

போதாது, ஆளுக்கு ஒன்று. நடந்ததற்குச் சாட்சியாக வழிநெடுக அதில்தான் முத்திரை குத்துவார்கள். கடைசி 100 கி.மீ.யில் நாளுக்கு இரண்டு முத்திரையாவது வாங்குங்கள்.

கேள்வி: தங்குமிடத்தில் தனி அறை கிடைக்குமா?

அல்பெர்கே எனப்படும் யாத்ரீகர் விடுதிகளில் பெரும்பாலும் பொதுக்கூடம், அடுக்குக் கட்டில்தான். இரவு 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அப்புறம் குறட்டைக் கச்சேரி. வாரம் ஒருமுறை செலவைப் பார்க்காமல் தனி அறை எடுங்கள். நாங்கள் அந்த இரவுகளில்தான் நிம்மதியாகப் பேசினோம்.

கேள்வி: ஒருவருக்கு மட்டும் முழங்கால் வலி வந்தால்?

முதலில் பையை அடுத்த ஊருக்கு வண்டியில் அனுப்பிப் பாருங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அப்படியும் முடியாவிட்டால் ஒருவர் பஸ்ஸில், மற்றவர் நடையில், சாயங்காலம் சந்திப்பு. இவர் அப்படி இரண்டு நாள் பஸ்ஸில் வந்தார். அந்த இரண்டு நாளும் காப்பிக் கடையில் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. எனக்குத்தான் நடையே ஓடவில்லை. கடைசி 100 கி.மீ.யில் மட்டும் பஸ் ஏறிவிடாதீர்கள், சான்றிதழ் கிடைக்காமல் போகலாம்.