கண்காணிப்பில் மகளைப் பார்ப்பது தண்டனையா?

கேள்வி: இந்து திருமணச் சட்டப்படி எங்கள் விவாகரத்து வழக்கு நடக்கிறது. நாலு வயது மகள் அம்மாவிடம் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், நீதிமன்ற வளாகத்தில், குடும்பநல ஆலோசகர் (கவுன்சிலர்) முன்னிலையில்தான் நான் அவளைப் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு. குற்றவாளிபோல் உட்கார வேண்டியிருக்கிறது. பாப்பாவும் அழுகிறாள். போகாமல் இருந்துவிடலாமா? உத்தரவை மாற்ற முடியுமா?
- ஒரு தந்தை, ஈரோடு

பதில்: மாற்ற முடியும். ஆனால் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நாலு வாரம் நீங்கள் வராவிட்டால், 'அப்பாவுக்கு அக்கறையில்லை' என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்ல அதுவே போதும்.

உங்கள் மகள் அம்மாவிடம் இருப்பது உங்கள்மேல் விழுந்த தீர்ப்பு இல்லை. 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிரிவு 6. கவுன்சிலரை உட்கார வைப்பதற்கும் பல காரணம் உண்டு. புகார் இருக்கலாம், பிள்ளை உங்களைப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருக்கலாம். உத்தரவின் நகலை வாங்கி, என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். மாற்றக் கேட்கும்போது அந்தக் காரணத்துக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு உங்களுக்கு உதவும். இரண்டு வயதுப் பெண் குழந்தை. தாய் மதுரையில். ஞாயிறுதோறும் குழந்தையைக் கரூருக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்றிருந்தது. அவ்வளவு தூரம் வாராவாரம் பயணம் செய்வது பிள்ளையின் உடம்புக்கு ஆகாது என்று சொல்லி, சந்திப்பை மதுரைக்கே மாற்றியது உச்ச நீதிமன்றம். பூங்கா, கோயில் மாதிரிப் பொது இடம், காலை 10 முதல் 2 வரை, தாய் சுமார் 10 அடி தள்ளி இருக்க வேண்டும். அப்பாவின் உரிமையை யாரும் பறிக்கவில்லை, கண்காணிப்பும் போகவில்லை. இடத்தைப் பிள்ளைக்கு ஏற்றபடி வைத்தார்கள். நீங்களும் அப்படித்தான் கேட்க வேண்டும்: 'என் உரிமை' என்றில்லாமல், 'பாப்பா இந்த அறையில் பயப்படுகிறாள், பூங்காவில் விளையாடுவாள்' என்று.

அப்புறம், அந்த இரண்டு மணி நேரம். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒருமுறை ஒரு அப்பா பெரிய ரிமோட் கார் வாங்கி வந்தார்; பையன் பாட்டியின் சேலையை விடவேயில்லை. அடுத்த வாரம் அவர் வெறும் நோட்டும் கலர் பென்சிலும் கொண்டுவந்து, பையனைக் கூப்பிடாமல் தரையில் உட்கார்ந்து யானை வரைந்தார். தும்பிக்கையை வேண்டுமென்றே விட்டுவிட்டார். கால் மணி நேரத்தில் பையன் வந்து பென்சிலைப் பிடுங்கித் தும்பிக்கை போட்டான். கவுன்சிலர் அதைத்தான் பார்க்கிறார்.

'அம்மா என்ன சொன்னா?' என்று மட்டும் கேட்காதீர்கள். போனில் வீடியோ எடுக்காதீர்கள். உறவினர் கூட்டம் வேண்டாம். ஜீவனாம்சத்தை நிறுத்தாதீர்கள், பிள்ளையைக் காட்டவில்லை என்று கோபத்தில் நிறுத்துகிறவர்கள் பிறகு ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். போன தேதி, நேரம், பாப்பா வந்தாளா என்பதை நோட்டில் எழுதிவையுங்கள். அவளைக் கூட்டி வரவில்லையென்றால் அங்கே சத்தம் போடாமல், வக்கீல் மூலம் அன்றைய விவரத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள்.

ஏழெட்டுச் சந்திப்பு நல்லபடியாகப் போன பிறகு, அதே நீதிமன்றத்தில் திருத்த மனு போடலாம். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பிள்ளை பற்றிய உத்தரவை அவ்வப்போது மாற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எடுத்த எடுப்பில் இரவு தங்கக் கேட்காதீர்கள். முதலில் பூங்கா, வார நடுவில் ஒரு வீடியோ கால். சரியாகப் போனால் அரை நாள் வெளியே. கவுன்சிலர் அறிக்கையை வரவழைக்கும்படியும் அதே மனுவில் கேளுங்கள். இந்த சனிக்கிழமை நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, பத்து நிமிஷம் முன்னாலேயே போய் உட்காருங்கள்.